டிராய் போர்: கடத்தலா, உடன்போக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கக் காப்பியங்களை நண்பர்களோடு சேர்ந்து படிக்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். கிரேக்கப் பெயர்களைத் தமிழில் எழுதுவதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. நாக்கில் எளிதாக வருவதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். யார் யாரைக் கடத்தினார்கள்?

டிராய் நகரத்து அரசன் பிரயாமின் மகன் பாரிஸ், ஸ்பார்ட்டாவுக்கு விருந்தாளியாக வருகிறான். அங்கே அரசன் மெனலாஸ். விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே மெனலாஸுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் சாவுச் செய்தி வருகிறது. இறுதிச் சடங்குக்காகக் கிரீட் தீவுக்குக் கப்பலேறுகிறான். அவன் திரும்புவதற்குள் பாரிஸ், அவனுடைய மனைவி ஹெலனோடும் அரண்மனைச் செல்வத்தோடும் டிராய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். மெனலாஸின் அண்ணன் அகமெம்னான் கிரேக்க அரசர்களைத் திரட்டிக்கொண்டு படையெடுக்கிறான். பத்தாண்டு முற்றுகை, கிரேக்க வீரர்கள் ஒளிந்துகொண்டு ஊருக்குள் நுழைந்த மரக்குதிரை, தீக்கிரையான நகரம்.

‘செல்வத்தோடும்’ என்பதைக் கவனத்தில் வையுங்கள். இந்தப் போரை ஹோமர் பாடிய காப்பியமான இலியட்டில் சமாதானப் பேச்சு எழும்போதெல்லாம் ‘ஹெலனும் செல்வமும்’ என்று சேர்த்தேதான் கேட்கிறார்கள். இன்னொன்று, பாரிஸ் தின்ற சோற்றுக்குத் துரோகம் செய்தவன். விருந்தாளியைக் காப்பதும், விருந்தாளி வீட்டுக்காரனுக்கு உண்மையாக இருப்பதும் கிரேக்கர்களிடம் தெய்வங்களின் அரசன் ஜீயஸ் நேரடியாகக் காவல் நிற்கும் அறம். பிறன்மனை கவர்ந்ததற்குச் சமமாக இந்தக் குற்றமும் அவர்களை உறுத்தியது.

இலியட் முழுதும் படித்துவிட்டேன். மரக்குதிரையே வரவில்லையே?

வராது. இலியட் ஏறத்தாழ 15,700 அடிகள், 24 பகுதிகள். ஆனால் அது சொல்வது போரின் பத்தாம் ஆண்டில் சுமார் ஐம்பது நாள் கதையைத்தான். கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸின் கோபத்தில் தொடங்கி, பாரிஸின் அண்ணன் ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிந்துவிடும். குதிரை, ஒடிசியஸ் போர் முடிந்து ஊர் திரும்பும் கதையான ஒடிசியில் சிலர் வாய்வழியாக வருகிறது. விரிவாகச் சொன்னவர் பல நூற்றாண்டு பிந்திய ரோமானியக் கவிஞர் வெர்ஜில். அக்கிலீஸின் சாவும் இலியட்டில் இல்லை. குதிகாலைத் தவிர மற்ற இடமெல்லாம் ஆயுதம் தைக்காது என்ற கதைக்கும் ஹோமரிடம் இடமில்லை.

ஓர் ஆப்பிளுக்கா இவ்வளவு சண்டை?

பெலியஸ் என்ற மனிதனுக்கும் தெட்டிஸ் என்ற கடல்தேவதைக்கும் திருமணம். இவர்கள்தான் அக்கிலீஸின் பெற்றோர். கலகத்தின் தேவதை எரிஸை மட்டும் அழைக்காமல் விட்டுவிட்டார்கள். அவள் ‘அழகிக்கு’ என்று எழுதிய தங்க ஆப்பிளை நடுவே உருட்டிவிட, ஜீயஸின் மனைவி ஹீரா, போர்த்தேவதை அதீனா, காதல்தேவதை அப்ரோடைட் மூவரும் உரிமை கொண்டாடுகிறார்கள். நாட்டாமை பாரிஸிடம் வருகிறது. ஹீரா ஆட்சியையும், அதீனா போர் வெற்றியையும், அப்ரோடைட் உலகிலேயே அழகான பெண்ணையும் லஞ்சமாகத் தர முன்வருகிறார்கள். அவன் மூன்றாவதை எடுத்துக்கொண்டான்.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கணவன் இருக்கிறானே, அவளைக் கேட்டீர்களா என்று அங்கே யாரும் வாய்திறக்கவில்லை. ஹோமர் இந்தப் போட்டியை 24-ஆம் பகுதியில் சில அடிகளில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆப்பிளை அவர் பாடவே இல்லை. நமக்குப் பழக்கமான கதை பின்வந்தவர்கள் சேர்த்துக் கட்டியது.

மனைவியை இழந்தவன் மெனலாஸ். மற்ற ராஜாக்கள் ஏன் கப்பல் ஏறினார்கள்?

சத்தியத்தால் கட்டுண்டவர்கள். ஹெலனுக்கு மணம் பேசியபோது கிரேக்க அரசர்கள் பெரும்பாலோர் மாப்பிள்ளையாகப் போட்டிக்கு வந்தார்கள். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவர்கள் வாளை உருவுவார்கள் என்று அவள் தந்தை டிண்டாரியஸ் பயந்தான். இத்தாகா தீவின் அரசன் ஒடிசியஸ் யோசனை சொன்னான்: யார் மாப்பிள்ளையானாலும் அவன் மணத்துக்குக் கேடு வந்தால் எல்லாரும் துணைக்கு வருவோம் என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிவிடு. யோசனைக்குக் கூலியாக ஒடிசியஸுக்கு டிண்டாரியஸின் தம்பி மகள் பெனலோப்பி கிடைத்தாள்.

வேடிக்கை என்னவென்றால், போர் வந்தபோது முதலில் நழுவப் பார்த்தவனும் அவனே. பைத்தியம் பிடித்தவன்போல நடித்து ஏர் பிடித்தான். பலமிடீஸ் என்பவன், அவனுடைய கைக்குழந்தை டெலமாக்கஸை ஏருக்கு முன்னால் போட்டதும் குழந்தை மேல் ஏறாமல் திருப்பினான், குட்டு வெளிப்பட்டது. இலியட்டின் இரண்டாம் பகுதியில் உள்ள கப்பல் பட்டியலைக் கூட்டினால் 1,186 வருகிறது. அகமெம்னானுக்கு 100, மெனலாஸுக்கு 60, ஒடிசியஸுக்கு 12.

சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: ஹெலன் விரும்பிப் போனாளா, தூக்கிக்கொண்டு போனார்களா?

கிரேக்கர்களே இதற்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளவில்லை. இலியட்டுக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன. மூன்றாம் பகுதியில் பாரிஸ், ஸ்பார்ட்டாவிலிருந்து உன்னைப் பறித்துக்கொண்டு வந்த நாளில்கூட இவ்வளவு ஆசை எனக்கு வரவில்லை என்று அவளிடமே சொல்கிறான். அதே பகுதியில் ஹெலன், கணவனையும் மகளையும் விட்டுவிட்டு உன் மகன் பின்னால் வந்தேனே, அதற்கு முன்பே செத்திருக்கக்கூடாதா என்று மாமனார் பிரயாமிடம் புலம்புகிறாள். தன்னை நாய் என்று திட்டிக்கொள்கிறாள். பிரயாமோ, உன்மேல் குற்றமில்லை, தெய்வங்கள்மேல்தான் என்கிறான்.

இந்த மூன்றாம் பகுதியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நாம் ஹெலனை முதன்முதலில் பார்ப்பது தறி முன்னால். செந்நீல நிறத்தில் பெரிய துணி நெய்துகொண்டிருக்கிறாள். அதில் தனக்காக இரண்டு படைகளும் படும் பாட்டையே சித்திரமாக இழைக்கிறாள். பிறகு மதில்மேல் ஏறி, கீழே நிற்கும் கிரேக்க வீரர்களை ஒவ்வொருவராகப் பிரயாமுக்கு அடையாளம் காட்டுகிறாள். கூட்டத்தில் தன் உடன்பிறந்த காஸ்டரையும் பொலிடியூகிஸையும் தேடுகிறாள். என்னால் வந்த அவமானத்துக்குப் பயந்து வரவில்லையோ என்று நினைக்கிறாள். அவர்கள் இருவரும் ஏற்கெனவே இறந்து ஸ்பார்ட்டா மண்ணில் கிடப்பது அவளுக்குத் தெரியாது. கவிஞர் நமக்கு மட்டும் சொல்கிறார்.

அன்றைக்கே மெனலாஸும் பாரிஸும் தனியாக மோதுகிறார்கள். தோற்கப்போகும் பாரிஸை அப்ரோடைட் மூடுபனியில் மறைத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஹெலனை அங்கே போகச் சொல்கிறாள். ஹெலன் எதிர்த்துப் பேசுகிறாள்: அவ்வளவு பிரியம் என்றால் நீயே போய் அவன் பக்கத்தில் உட்கார், தெய்வப் பட்டத்தைத் துறந்து அவனுக்கு மனைவியாகவோ அடிமையாகவோ இரு. தெய்வம் மிரட்டுகிறது. ஹெலன் முந்தானையால் மூடிக்கொண்டு பேசாமல் போகிறாள். இதை உடன்போக்கு என்பீர்களா, கட்டாயம் என்பீர்களா? எனக்கு இரண்டாவதாகவே படுகிறது. ஆனால் கி.மு. 600 வாக்கில் பாடிய பெண் கவிஞர் சாப்போ, ஒருவர் எதை நேசிக்கிறாரோ அதுவே உலகில் அழகானது என்பதற்கு எடுத்துக்காட்டாக, கணவனை விட்டுக் கப்பலேறிய ஹெலனைத்தான் காட்டுகிறாள். அந்தக் கவிதையில் வசை ஒரு சொல் இல்லை.

அவளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போர் முடிந்திருக்குமே?

கொடுக்கச் சொன்னவர்கள் டிராயிலேயே இருந்தார்கள். ஹெலன் மதிலுக்கு வரும்போது அங்கே உட்கார்ந்திருந்த கிழவர்கள், இவளுக்காக அடித்துக்கொள்வதில் வியப்பில்லை, தெய்வமகள்போல இருக்கிறாள், இருந்தாலும் இவள் ஊர்போய்ச் சேரட்டும் என்று முணுமுணுக்கிறார்கள். போர் தொடங்கும் முன்பே மெனலாஸும் ஒடிசியஸும் தூதாக வந்தார்கள். அப்போது பாரிஸிடம் பொன் வாங்கியிருந்த டிராய்க்காரன் அன்டிமாக்கஸ், தூது வந்த மெனலாஸை அங்கேயே வெட்டிப்போடலாம் என்று பேசியவன். ஏழாம் பகுதியில் ஆன்டெனோர் என்ற பெரியவர் சபையில் எழுந்து ஹெலனையும் செல்வத்தையும் கொடுத்துவிடுவோம் என்கிறார். பாரிஸ், செல்வம் வேண்டுமானால் தருகிறேன், கூடவே என் சொத்தும் தருகிறேன், பெண்ணைத் தரமாட்டேன் என்கிறான். செய்தி கிரேக்க முகாமுக்குப் போகிறது. அங்கே டயோமிடீஸ் என்ற வீரன், இனி செல்வமும் வேண்டாம், ஹெலனே வந்தாலும் வேண்டாம் என்கிறான்; டிராய் விழப்போவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவளைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஹெலன் டிராய்க்கே போகவில்லை என்றும் சொல்கிறார்களே?

அந்தக் கதை பழையது. ஹெலனை இகழ்ந்து பாடிய ஸ்டெசிகோரஸ் என்ற கவிஞருக்குக் கண்பார்வை போய்விட்டதாம். நீ கப்பலேறவே இல்லை, டிராய் கோட்டைக்குப் போகவே இல்லை என்று மாற்றிப் பாடியதும் பார்வை திரும்பியதாம். நாடக ஆசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 412-இல் மேடையேற்றிய நாடகத்தில் டிராய்க்குப் போனது ஹீரா காற்றால் செய்த ஒரு மாயவுரு. உண்மையான ஹெலன் போர் முழுதும் எகிப்தில் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏதென்ஸின் பெரும்படை சிசிலியில் அழிந்திருந்தது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காகச் செத்தோம் என்ற வசனத்தை அந்த அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸுக்கும் எகிப்துக் கதைதான் நம்பிக்கை. எகிப்திய அரசன் புரோட்டியஸ் ஹெலனைப் பிடித்து வைத்துக்கொண்டு பாரிஸை விரட்டிவிட்டான் என்று மெம்ஃபிஸ் பூசாரிகள் தமக்குச் சொன்னதாக எழுதுகிறார். அவருடைய வாதம் குடும்பஸ்தன் வாதம். பெற்ற பிள்ளைகள் கண்ணெதிரே சாகும்போது, ஒரு மகனுடைய ஆசைக்காக அவளைப் பிடித்து வைத்திருக்கப் பிரயாம் அவ்வளவு பித்தனா? கையில் இருந்திருந்தால் கொடுத்திருப்பான், கிரேக்கர்கள்தான் நம்பவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் முந்தைய பதிலில் வந்த அந்தச் சபையைப் பார்த்தால், கையில் வைத்துக்கொண்டும் கொடுக்காமல் இருக்க மனிதர்களால் முடியும் என்றே நினைக்கிறேன்.

பாரிஸுக்கு முன்பே அவளை யாரோ கடத்தினார்களாமே?

ஏதென்ஸின் பெருவீரன் தீசியஸ். அப்போது ஹெலன் சிறுமி. அஃபிட்னா என்ற ஊரில் தன் தாய் ஈத்ராவின் காவலில் வைத்தான். ஹெலனின் சகோதரர்கள் படையோடு வந்து தங்கையை மீட்டதுடன் ஈத்ராவையும் சிறைப்பிடித்துக்கொண்டு போனார்கள். இலியட்டில் ஹெலன் மதிலுக்குப் போகும்போது பின்னால் வரும் இரண்டு பணிப்பெண்களில் ஒருத்தியின் பெயர் ஈத்ரா. ஓர் அரசனின் தாய், மகன் செய்த கடத்தலுக்காக அடிமையாகி, டிராய் வரை வந்திருக்கிறாள்.

ஏதென்ஸ் மக்கள் தீசியஸைத் தங்கள் நாயகனாகவே கொண்டாடினார்கள். அவனுக்கு எதிராக ஆயிரம் கப்பல் கிளம்பவில்லை.

அக்கிலீஸுக்கும் பிரிசெயிஸுக்கும் காதல் அல்லவா? சினிமாவில் அப்படித்தான் காட்டினார்கள்.

ஹோமர் காட்டுவது வேறு. லிர்னெசஸ் என்ற ஊரைச் சூறையாடியபோது அக்கிலீஸ் அவளுடைய கணவனைக் கொன்றான். அவளுடன் பிறந்த மூவரும் அதே நாளில் மாண்டார்கள். அவள் கொள்ளைப் பங்காக அவனுக்கு வந்தவள். அகமெம்னானுக்கு அதேபோலக் கிடைத்தவள் கிரைசெயிஸ், அப்போலோ தெய்வத்தின் பூசாரி மகள். தந்தை பணயப் பொருளோடு வந்து கெஞ்சியபோது, அவள் என் ஊரில் தறி நெய்து, என் படுக்கையைப் பகிர்ந்து, அங்கேயே கிழவியாவாள் என்று அகமெம்னான் துரத்திவிட்டான். அப்போலோ ஒன்பது நாள் கொள்ளைநோயை ஏவிய பிறகுதான் அகமெம்னான் அவளை விட்டான். விட்ட கையோடு அக்கிலீஸின் பங்கான பிரிசெயிஸைப் பறித்தான். இலியட்டின் கோபம் முழுவதும் இங்கிருந்துதான் பிறக்கிறது. கடத்தப்பட்ட பெண்ணை மீட்க வந்தவர்கள், தாங்கள் கடத்திய பெண்களுக்காக அடித்துக்கொள்கிறார்கள். டிராய் போரில் எனக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை.

அக்கிலீஸுக்குப் பாசமே இல்லையா என்றால், ஒன்பதாம் பகுதியில், மனைவிமேல் அன்புள்ளவர்கள் இந்த அண்ணன் தம்பி இருவர்தானா, ஈட்டியால் வென்றவளானாலும் அவளை மனதார நேசித்தேன் என்கிறான். பத்து பகுதி தாண்டி, நண்பன் பட்ரோக்ளஸ் செத்தபின், அவள் என் கைக்கு வந்த அன்றே வேட்டைத் தேவதை ஆர்ட்டெமிஸ் அம்பெய்து அவளைக் கொன்றிருக்கக்கூடாதா என்கிறான். இரண்டும் அதே வாய்.

பிரிசெயிஸ் காவியத்தில் ஒரே ஒருமுறை பேசுகிறாள், பட்ரோக்ளஸின் பிணத்தின்மேல் விழுந்து. என் ஆட்கள் செத்த நாளில் என்னை அழவிடாமல் தேற்றினாயே, அக்கிலீஸுக்கு மணம் முடித்துவைப்பேன் என்றாயே என்று ஒப்பாரி வைக்கிறாள். சுற்றி நின்ற அடிமைப் பெண்களும் அழுகிறார்கள். வெளிப்பார்வைக்குப் பட்ரோக்ளஸுக்காக, உள்ளே அவரவர் துக்கத்துக்காக என்று ஹோமர் ஒரு வரி போடுகிறார்.

படைவீரர்கள் ஹெலனுக்காக இரக்கப்பட்டார்களா?

இரண்டாம் பகுதியில் முதியவர் நெஸ்டர் படையை உசுப்பேற்றுகிறார். ஹெலன் பட்ட துயரத்துக்கும் விட்ட பெருமூச்சுக்கும் பழிவாங்க வேண்டும். ஆளுக்கொரு டிராய்க்காரன் மனைவியோடு படுக்கும் வரை யாரும் ஊர் திரும்பும் பேச்சை எடுக்காதீர்கள். இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது.

அகமெம்னான் சொந்த மகளையே பலி கொடுத்தானாமே?

இலியட்டில் இல்லை. நாடக ஆசிரியர்கள்தான் இதை ஓயாமல் கிளறினார்கள். அவுலிஸ் துறைமுகத்தில் காற்று ஒத்துழைக்காமல் கப்பல்கள் நின்றன; ஆர்ட்டெமிஸின் கோபம் தணிய அகமெம்னானின் மகள் இஃபிஜீனியாவைப் பலியிட வேண்டும் என்று குறி சொல்லப்பட்டது. அக்கிலீஸுக்குக் கல்யாணம் என்று பொய் சொல்லி அவளை வரவழைத்தார்கள். எஸ்கிலஸின் நாடகத்தில் (கி.மு. 458) குடும்பத்துக்குச் சாபம் விழக்கூடாதென்று அவள் வாயைக் கட்டுகிறார்கள், பேச முடியாத அவள், கொல்ல நிற்பவர்களைக் கண்ணாலேயே கெஞ்சுகிறாள். சில கதைகளில் கடைசி நொடியில் தெய்வம் மானை மாற்றி வைத்து அவளைக் காப்பாற்றுகிறது. பத்தாண்டு கழித்து வெற்றியோடு திரும்பிய அகமெம்னானை அவன் மனைவி கிளைட்டம்நெஸ்ட்ரா வெட்டிச் சாய்க்கிறாள். அவள் ஹெலனின் சகோதரி.

தெய்வங்களே பெண்களைக் கடத்துகின்றனவே, இதை எப்படிப் பக்தியோடு பாடினார்கள்?

கேட்டவர்கள் அங்கேயே இருந்தார்கள். திருட்டு, கள்ள உறவு, ஏமாற்று என்று மனிதரிடையே இழிவானதை எல்லாம் ஹோமரும் இன்னொரு பழங்கவிஞர் ஹெசியடும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி செனோஃபனீஸ் சாடினார்.

ஆனால் பக்திப் பாட்டே வலியை மறைக்காத இடமும் உண்டு. பயிர்களின் தேவதை டெமீட்டரைப் போற்றும் பழைய பாடலில், பூப்பறித்துக்கொண்டிருந்த அவள் மகள் பெர்சிபொனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் தேரில் தூக்கிப்போகிறான். தந்தை ஜீயஸ் முன்பே சம்மதித்துவிட்டான். தாயிடம் யாரும் சொல்லவில்லை. டெமீட்டர் பயிர்களை முளைக்கவிடாமல் உலகையே பட்டினி போட்ட பிறகு மகள் திரும்பி வருகிறாள். பாதாளத்தில் ஒரு மாதுளை விதையைத் தின்ன வைத்துவிட்டதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான். எலூசிஸ் ஊரின் மறைவழிபாட்டுக்கு இந்தக் கதைதான் அடிப்படை.

சீதையைக் கடத்தியதும் இதேதானே? ராமாயணத்தைப் பார்த்து எழுதினார்களா, அல்லது மறுபக்கமா?

ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் வெபர் 19-ஆம் நூற்றாண்டில் ராமாயணத்தில் ஹோமரின் சாயல் இருப்பதாக எழுதினார். பம்பாயில் காசிநாத் திரிம்பக் தெலாங் 1873-இல் அதை மறுத்துத் தனி நூலே எழுதினார். மனைவி கவரப்பட்டாள், கடல் தாண்டிப் படை போனது என்ற இரண்டு எலும்புகளை வைத்து முழு உடம்பும் ஒன்று என்று சொல்ல முடியாது. சீதையின் மனம் எங்கே இருக்கிறது என்பதில் வால்மீகிக்கோ கம்பனுக்கோ ஐயமே இல்லை. கம்பனின் இராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையோடு மண்ணைப் பெயர்த்தெடுக்கிறான். ஹெலன் கதையோ, நான் மேலே காட்டியபடி, அந்த ஐயத்தின்மேல்தான் நிற்கிறது.

டிராய் போர் உண்மையிலேயே நடந்ததா?

ஊர் இருந்தது. துருக்கியின் வடமேற்கில் ஹிசார்லிக் மேட்டில் 1870-களில் ஹைன்ரிஷ் ஷ்லீமான் தோண்டினார். அங்குதான் தோண்ட வேண்டும் என்று அவருக்கு முன்பே சொன்னவர் ஃபிராங்க் கால்வர்ட். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது நகரங்கள் கிடந்தன. ஷ்லீமான் 1873-இல் கிடைத்த பொன்னைப் ‘பிரயாமின் புதையல்’ என்று அறிவித்தார். அது டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. அவசரத்தில் அவர் வெட்டிய அகழி, தேடிய அடுக்கையே பெருமளவு சிதைத்துவிட்டது. அந்தப் பொன் 1945-இல் பெர்லினிலிருந்து காணாமல் போய், பிறகு மாஸ்கோவில் இருப்பது தெரியவந்தது.

ஏழாம் அடுக்கின் ஒரு கட்டம் கி.மு. 1180-ஐ ஒட்டி எரிந்து அழிந்திருக்கிறது. இன்றைய துருக்கிப் பகுதியை அப்போது ஆண்ட ஹிட்டைட் பேரரசின் களிமண் பலகைகளில் வரும் ‘விலூசா’ டிராய்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். கி.மு. 1280 வாக்கில் அந்த ஊரின் அரசனாக அலக்சாண்டு என்ற பெயர் ஓர் உடன்படிக்கையில் வருகிறது. பாரிஸின் இன்னொரு பெயர் அலெக்சாண்டர். அதற்காக இருவரும் ஒருவரே என்று துள்ளிவிட வேண்டாம். ஹெலன் என்று ஒருத்தி இருந்ததற்கு மண்ணுக்குள் எந்தச் சான்றும் இல்லை.

கடைசியில் ஹெலனுக்கு என்ன தண்டனை?

ஒன்றுமில்லை, அதுதான் பலருக்கும் உறுத்துகிறது. பாரிஸ் செத்தபின் அவள் அவனுடைய தம்பி டெயிஃபோபஸுக்கு மனைவியாக்கப்பட்டாள். நகரம் விழுந்த இரவில் மெனலாஸ் வாளை ஓங்கிக்கொண்டு வந்து, அவளைப் பார்த்ததும் வாளைக் கைநழுவ விட்டான் என்கிறது ஒரு கதை. பழைய கிரேக்கக் குடங்களில் இந்தக் காட்சியைத் தீட்டியிருக்கிறார்கள். டிராய்ப் பெண்கள் அத்தனை பேரும் அடிமைகளாகப் பங்கிடப்பட்டார்கள். ஹெக்டரின் கைக்குழந்தை மதிலிலிருந்து வீசப்பட்டது.

ஒடிசியின் நான்காம் பகுதியில் ஹெலன் மறுபடியும் ஸ்பார்ட்டாவின் அரசி. விருந்தாளியாக வந்த டெலமாக்கஸ் தந்தையை நினைத்து அழ, எகிப்திலிருந்து வாங்கிவந்த துயர்நீக்கும் மருந்தை அவள் மதுவில் கலக்கிறாள். பிறகு, வேவு பார்க்க வந்த ஒடிசியஸைக் காட்டிக்கொடுக்காமல் தான் உதவியதை நினைவுகூர்கிறாள். உடனே மெனலாஸ் இன்னொன்றை எடுத்துவிடுகிறான்: நாங்கள் குதிரைக்குள் ஒளிந்திருந்தபோது நீ அதை மூன்று முறை சுற்றிவந்து, தடவிப் பார்த்து, எங்கள் மனைவிமார் குரலில் எங்களைப் பெயர் சொல்லி அழைத்தாயே. மருந்து நன்றாகவே வேலை செய்திருக்க வேண்டும், அதன் பிறகும் எல்லாரும் அமைதியாகத் தூங்கப் போகிறார்கள்.

அப்படியானால் அவள்மேல் குற்றமே இல்லை என்கிறீர்களா?

அந்த வழக்கை கோர்ஜியாஸ் என்ற பேச்சுக்கலை ஆசான் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே வாதாடிவிட்டார். தெய்வச் செயல் என்றால் அவளால் தடுக்க முடியாது. பலாத்காரம் என்றால் குற்றம் செய்தவன்மேல். பேச்சில் மயங்கினாள் என்றால் பேச்சு மருந்தைப்போல ஆளை வீழ்த்துவது. காதல் என்றால் அதுவும் ஒரு தெய்வம். நான்கு வாசலும் அடைபட்டுவிட்டன. இவ்வளவும் சொல்லிவிட்டு, இது எனக்கு ஒரு விளையாட்டு என்று முடித்துவிட்டார். வக்கீல் திறமையை மெச்சலாம். ஆனால் இந்த வாதத்தில் ஹெலன் தானாக எதையும் முடிவு செய்யத் தெரியாத பொம்மையாகிவிடுகிறாள். சாப்போவின் ஹெலன் குற்றவாளியாக இருந்தாலும் ஆளாக இருக்கிறாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கிறது.

எங்கே படிக்கத் தொடங்குவது?

இலியட்டின் முதல் பகுதியைப் படித்துவிட்டு மூன்றாவதுக்குப் போங்கள். அடுத்து ஹெக்டரும் அவன் மனைவி அன்ட்ரோமகியும் பேசும் ஆறாம் பகுதி, பிறகு 24. கப்பல் பட்டியலில் சிக்கிப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். முதல்முறை அதைத் தாண்டிப் போகலாம். நாடகங்களில் யூரிப்பிடிஸின் ‘டிராய்ப் பெண்கள்’ சிறியது, ஒரே அமர்வில் முடியும். அதில் ஹெலன் தன் தரப்பைத் தானே வாதாடுகிறாள், மாமியார் ஹெகூபா பதில் சொல்கிறாள். யார் ஜெயித்தார்கள் என்று படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் அன்றைக்கு ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது.